என் நாய் காப்பாற்றாத கண்மாய்

என் நாயின் படத்தை அச்சில் பார்க்க ஆசைப்பட்டு ஒரு மனிதரின் பெயரை அழித்தேன். கைதவறி அல்ல, மின்சாரம் போய் அல்ல... தெரிந்தே, சிரித்துக்கொண்டே அழித்தேன்!

நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. சுளியுங்கள். ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சுளியுங்கள். என் வாழ்க்கையின் ஆக இன்பமான நாட்களும் இந்தப் பாவத்துக்குள்ளேயேதான் இருக்கின்றன. அதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

தொண்ணூறுகளின் கடைசியில் உத்தமபாளையத்தில் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி... கம்பம் பள்ளத்தாக்கில் யார் பிறந்தாலும் செத்தாலும் என் விரல் வழியாகத்தான் போக வேண்டும் என்ற திமிர் எனக்கு. வீட்டில் ஒரு கோம்பை நாய் இருந்தது. செவலை என்று பெயர். சிவந்த உடம்பு, கருத்த மூஞ்சி. அப்படியோர் அழகனை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள்!

பக்கத்து ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்குச் சிறப்பு மலர் அச்சடித்தார்கள். ஊர் வரலாற்றை எழுதித் தந்தவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் பரமசிவம் சார். வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியவர். அதில் ஒரு பத்தி இருந்தது. முன்னொரு பெருமழையில் கண்மாய்க் கரை உடையப் பார்த்தபோது, மடை திறந்து மூடும் வேலை பார்த்த சுருளியாண்டி என்ற இளவட்டம் உடைப்பில் இறங்கி, வைக்கோல் கட்டுகளை முதுகால் அணைத்து நின்று, ஊர் வந்து சேரும்வரை கத்தினாராம். அவரால்தான் ஊர் பிழைத்தது.

அச்சகத்துக்குப் பக்கங்களை அனுப்ப வேண்டிய நாள். சார் பிழை திருத்திக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். செவலை என் காலடியில் படுத்திருந்தது. எனக்கு என்ன கிறுக்குப் பிடித்ததோ! சுருளியாண்டியை அழித்தேன். "கோம்பை நாய் ஒன்று கரையில் நின்று குரைத்து ஊரைக் கூட்டியது" என்று அடித்தேன். பக்கத்தில் செவலையின் படத்தை வைத்தேன். சேமித்தேன். அவ்வளவுதான்!

மலர் வெளியானதும் சார் பதறிப்போய் வந்தார்.

"தம்பி, சுருளியாண்டி எங்கப்பா? இந்த நாய் எங்கிட்டிருந்து வந்துச்சு?"

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அது ஒரு குறும்போடு முடிந்திருக்கும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"நீங்கதான சார் போன்ல மாத்தச் சொன்னீக? மறந்துட்டீகளா?"

அவர் என்னையே பார்த்தார். நெற்றியைத் தேய்த்தார். "நானா... சொல்லிருப்பேன் போல" என்று முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினார். மாணவன் பொய் சொல்வான் என்று நினைக்கத் தெரியாத மனிதர். ஆமாம், ஆறாம் வகுப்பில் எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்!

நாய்க்கோ யோகம் அடித்தது. கண்மாய் நிறையும் வருடமெல்லாம் அந்த ஊரில் நாய்களுக்கு மாலை போட்டு, நெய்ச்சோறு வைக்க ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் கூத்தடித்தார்கள். செவலை செத்த பிறகு அதன் குட்டிக்கு மரியாதை நடந்தது. நானும் போய் நின்று நெய்ச்சோறு தின்றேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ருசியாகத்தான் இருந்தது.

பத்து வருடம் ஓடிற்று. ஒரு நாள் பக்கத்துக் கல்லூரிகளின் வரலாற்று ஆசிரியர்கள் சிலர் ஒரு பை நிறைய ஃப்ளாப்பிகளோடு வந்தார்கள். திராட்சை விவசாயிகள் கூட்டக் குறிப்புகள், கோயில் மலர்கள், பழைய பேட்டிகள்... எல்லாம் தமிழ் எழுத்துரு ஆளுக்கொன்றாக இருந்த காலத்தில் அடித்தவை. திறந்தால் கோழி கிளறிய குப்பைமேடாகத் தெரிந்தது.

"கல்வெட்டுன்னா படிச்சிருவோம் சார். இதப் படிக்க முடியலையே!" என்றார் அவர்களில் ஒருவர். ராசாத்தி என்று பெயர். அந்தக் கண்மாய்க்கரை ஊர்க்காரப் பெண்.

ஞாயிறுதோறும் வகுப்பு வைத்தேன். அட, என்ன ஆனந்தமான நாட்கள்! "ஊரான் வீட்டுக் குழம்ப நக்கிப் பாத்தே என்னென்ன அரைச்சுப் போட்டிருக்காகன்னு சொல்றதில்லையா? அதே வேலதான் இதுவும்" என்றுதான் ஆரம்பித்தேன். பழைய மென்பொருளைத் தேடிப் பிடித்து நிறுவினோம். வெறும் 'அ' அடித்துச் சேமித்தோம். எழுத்துகளை எண்களாகக் காட்டும் சின்ன நிரல் ஒன்றில் அந்தக் கோப்பைத் திறந்து, எந்த எண் புதிதாக வந்திருக்கிறது என்று பார்த்தோம். பிறகு 'ஆ'. பிறகு 'க'. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று அவர்களே கண்டுபிடித்து அட்டவணை போட்டார்கள். முதல் வரி தமிழாக வாசிக்க வந்தபோது, தலை நரைத்த பேராசிரியர் ஒருவர் மேசையைத் தட்டிக் குலவையிட்டார்! பஜ்ஜி வாங்கித் தின்றோம். பாராட்டில் நான் பூரித்துப்போனேன்.

ஆனால் ஒன்றை மட்டும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தக் காலத்து மென்பொருள் சீக்கிரம் சேமிப்பதற்காக, அழித்த வரிகளை உண்மையில் அழிக்காது. புதியதைக் கடைசியில் ஒட்டிவிட்டு, பழையதைக் கோப்பின் வயிற்றுக்குள்ளேயே விட்டுவிடும். திரையில் தெரியாது. எண்களில் தெரியும்.

ஏன் சொல்லவில்லை என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு ஞாயிறு ராசாத்தி ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். உள்ளே ஒரு ஃப்ளாப்பி. மேலே என் கையெழுத்து: 'ஊர் வரலாறு'. பரமசிவம் சார் பத்திரமாக வைத்திருந்து கொடுத்தாராம். கெட்டுப்போயிற்று என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சுற்றி நின்றவர்கள் என் மாணவர்கள்! அவர்கள் முன்னால் ஒரு ஃப்ளாப்பி என்னிடம் தோற்பதா? திறந்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டேன்.

"சார், பக்கம் கொஞ்சந்தான் இருக்கு. ஃபைல் இம்புட்டுப் பெருசா இருக்கே. மிச்சம் என்ன?"

"அது குப்பைம்மா."

"குப்பையக் கிளறுறதுதான சார் எங்க பொழப்பு!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்... திருடனைத் தேள் கொட்டினால் அவன் எப்படிச் சிரிப்பான் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அவள் அட்டவணையை வைத்துக்கொண்டு எண் எண்ணாக வாசித்தாள். ம... டை... திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஒரு கூச்சல் போட்டாள் பாருங்கள், கீழே இருந்த டீக்கடைக்காரர் மேலே ஓடி வந்துவிட்டார்.

"எங்கப்பா! எங்கப்பா பேரு!"

சுருளியாண்டி அவளைப் பெற்றவர். மலர் வரும், அதில் தன் பெயர் வரும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தவர். வந்த மலரில் நாய் இருந்தது. நேரில் பார்த்தவர்களில் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்; அச்சில் வந்ததை நம்பி, 'நாய் செஞ்சத நான் செஞ்சேன்னு சொன்ன ஆளு' என்று பத்து வருடமாக ஊர் அவரைக் கேலி பேசியிருக்கிறது. கண்மாய் நிறைந்த நாட்களில் அவர் வீட்டைவிட்டு வெளியே வந்ததே இல்லையாம். எனக்கு இது ஒன்றுமே தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் முயன்றதில்லை.

மறு ஞாயிறு அவரை அழைத்து வந்தாள். பரமசிவம் சாரும் வந்தார். அவள் திரையைத் தொட்டுத் தொட்டு வாசிக்க, அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இன்னொருக்க வாசி ஆத்தா."

வாசித்தாள். அவர் முகம் மலர்ந்ததை நான் எப்படிச் சொல்வேன்! பொக்கை வாய் முழுக்கச் சிரிப்பு. ஆசிரியர்கள் கைதட்டினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், நானும் மகிழ்ச்சியில் அழுதேன்! அது பொய்யழுகை இல்லை.

பிறகு அவர் கேட்டார். "எந்தப் பய அழிச்சான்?"

"இந்த சார் சென்டர்லதான் கடைசியா சேமிச்சிருக்குன்னு ஃபைல்ல இருக்குப்பா. ஆனா இவுக டைப் பண்ணுனவுகதான? சொன்னதத்தான செய்வாக" என்றாள் ராசாத்தி.

எந்தக் கணினி என்று கோப்பு சொல்லிவிட்டது. எவன் மனசு என்று சொல்ல அதற்குத் தெரியாது. என் வாய்க்குத் தெரியும். வாயைத் திறந்தேன்... அதற்குள் பரமசிவம் சார் எழுந்து நின்று கைகூப்பினார்.

"நாந்தான்யா, சுருளி. போன்ல மாத்தச் சொன்னேனாம். எதுக்குச் சொன்னேன்னு இன்னிக்கி வரைக்கும் ஞாபகம் வரல. மன்னிச்சிரு."

"ஏலே... வாத்தியாரே! மறதி யாருக்குத்தான் இல்ல? விடுங்க" என்று சுருளியாண்டி அவரைக் கட்டிக்கொண்டார். எனக்குச் சேர வேண்டிய மன்னிப்பு என் கண் முன்னாலேயே வேறொருவருக்குப் போய்ச் சேர்ந்தது. நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வருடம் கண்மாய் நிறைந்தபோது முதல் மாலை சுருளியாண்டிக்கு. அவர் அதைக் கழற்றி, செவலையின் பேரனுக்குப் போட்டுவிட்டு, "இவனும் பாவம், இவன் என்ன செஞ்சான்?" என்று சிரித்தார். ஊரே சிரித்தது. மேளம், நெய்ச்சோறு, பிள்ளைகளின் கூச்சல்! ராசாத்தி எனக்குத் துண்டு போர்த்தினாள். "கோப்பு மறைச்சத வாசிக்கச் சொல்லிக்கொடுத்தவர்" என்று தன் கட்டுரையில் நன்றி எழுதினாள். மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. நெய்ச்சோறும் தின்றேன்.

நீங்கள் கேட்கலாம்... அவர் பெயர்தான் திரும்பி வந்துவிட்டதே, இன்னும் என்ன அழுகை என்று.

நேற்று பரமசிவம் சார் வந்தார். மலரின் புதிய பதிப்புக்காக எழுதியதைக் கொண்டுவந்திருந்தார். மன்னிப்புக் கேட்ட அந்த நாளுக்குப் பிறகு அவர் தன் ஞாபகத்தையே நம்புவதில்லை. கதவைப் பூட்டினோமா, மாத்திரை சாப்பிட்டோமா என்று எல்லாவற்றையும் வீட்டில் கேட்டுக் கேட்டுத்தான் செய்கிறாராம். ஊரின் நூறு கதைகளைத் தலையில் வைத்திருக்கும் மனிதர்!

தாள்களை என் கையில் கொடுத்தார்.

"எனக்கு ஞாபகம் தப்புதுப்பா. நான் எதையும் தப்பா மாத்திறாம நீதான் பாத்துக்கணும். நீ சொன்னாச் சரியா இருக்கும்."

"சரி சார்" என்றேன்.