கலை நிகழ்ச்சிகளும் இடம்பெற்றன

பிராந்திய நிருபர் செய்தி தேடி அலைய வேண்டியதில்லை. பொன்னாடை வாங்கி வைத்தவர்களே கூப்பிட்டுவிடுவார்கள். ஹட்டனிலிருந்து இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான் எழுதுகிறேன். விழாச் செய்தி எழுதும் சக நிருபர்களே, எனக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும்.

கடைசி வரி

நகரத்தின் கலை, பண்பாட்டை அரசாங்கம் அங்கீகரிக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. சுற்றுத் தேயிலைத் தோட்டங்களின் குழுக்களும் அதற்கான பட்டியலில் சேரலாம். சான்றாக, ஆடுபவர்களின் பெயரோடு வந்த பத்திரிகைச் செய்தி வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

றொசல்லப் பக்கத் தோட்டத்தில் மன்மதன், ரதி கதையான காமன் கூத்து ஆடும் பதினேழு பேருக்குத் தலைவர் ராஜமணி. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை முடிந்த கையோடு என்னிடம் வந்தார். நான் எழுதிய செய்திகளையே வெட்டிக் கொப்பியில் ஒட்டியிருந்தார். எல்லாவற்றிலும் பிரதம அதிதி வந்தார், விளக்கேற்றினார், உரையாற்றினார், பொன்னாடை பெற்றார். கடைசியில், "கலை நிகழ்ச்சிகளும் இடம்பெற்றன." எல்லாச் செய்தியிலும் அதே வரி.

ராஜமணி அதன்மேல் விரலை வைத்தார். "இது நாங்கதானுங்க சார்."

அரைத் தப்பு

படமாவது இருக்குமென்று என் போனில் தேடினேன். விளக்கேற்றுவதைப் படமெடுத்ததும் பஸ்ஸுக்கு ஓடிவிடுவது எங்கள் வழக்கம். ஒரே ஒரு படத்தின் ஓரத்தில் பாதித் தப்பும் அதை அடிக்கும் கையும் இருந்தன. ராஜமணியின் மனைவி செல்வி போனை வாங்கிப் பார்த்தார். "இது நம்ம அந்தோனி அண்ணன் கை. மிச்ச ஆள எங்கங்க சார் வெட்டிப் போட்டீங்க?"

அதையே கொண்டுபோய், பட்டியல் எழுதும் கலாசார உத்தியோகத்தரிடம் காட்டினோம். சிங்களப் பெண்மணி. சிரித்துவிட்டு, தமிழில் நிதானமாகச் சொன்னார்: "பழைய பேப்பர்தான் வேணும்னு நான் சொல்லலையே. இப்ப எழுதுங்க."

பிரதம அதிதி இல்லாத செய்தி

மறுநாள் அவர்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் பதினேழு பேரும் ஆடிக் காட்டினார்கள். பெயர்களை எழுதி ஒவ்வொருவரிடமும் காட்டினேன். மூன்று பேர் திருத்தினார்கள். கொழும்புக்கு அனுப்பியதும் ஆசிரியபீடத்திலிருந்து போன் வந்தது.

"பிரதம அதிதி யாரு?"

"இல்ல."

"அப்ப விளக்க யாரு ஏத்தினது?"

"யாரும் ஏத்தல. கூத்து ஆடினாங்க."

நாலு பெயர் போட்டு 'உள்ளிட்டோர்' என்று முடிக்கலாமே என்றார். மிச்சம் பதின்மூன்று பேர் பட்டியலுக்கு வெளியே நிற்பார்கள் என்றேன். பெருமூச்சு கேட்டது. "சரி, போடுறேன். ஒரு பேர் பிழைச்சாலும் நீங்கதான் பதில் சொல்லணும்."

வெள்ளிக்கிழமை

செய்தி வியாழக்கிழமையே வந்துவிட்டது. உத்தியோகத்தர் ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்து, முத்திரை குத்தி, குழுவைப் பட்டியலில் சேர்த்தார். ராஜமணி பத்திரிகையை மடிக்காமல் இரண்டு கையிலும் பிடித்தபடி வெளியே வந்தார். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

வருடா வருடம் அத்தனை பேருக்கும் முகத்தில் சாயம் பூசி, வேஷம் கட்டி விடுவது செல்வி. அவர் செய்தியை இரண்டு தரம் வாசித்தார். "பதினேழு பேரும் இருக்காங்க. பூசி விட்டவ எங்கங்க சார்?"

எங்கள் ஊர்க் கலையை அரசாங்கம் கண்டுகொண்டுவிட்டது. நிருபர் நான்தான் இன்னும் ஓர் ஆள் பின்தங்கி நிற்கிறேன்.