எல்வுட் எண்ணாமல் விட்ட கோடை

மோனோ ஏரிப் பக்கத்து நெடுஞ்சாலையில் நாற்பது வருஷம் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர் எல்வுட். எந்தப் புயலிலும் பாதை தவறாதவர். புழு வருஷம் எது, பூச்சி வருஷம் எது என்ற கணக்கை மட்டும் மனைவி லெனோராவிடம் விட்டிருந்தார்.

ஆரிகனிலிருந்து அரிசோனா வரை பைன் மலைகளில் இந்த அந்துப்பூச்சி உண்டு. ஆனால் பள்ளம் வெட்டிப் புழு பிடித்துக் குழம்பு வைக்க இந்த ஏரிக்கரைப் பழங்குடிகளான எங்கள் ஆட்களைத்தான் கேட்க வேண்டும். ஒரு கோடையில் விரல் பருமனுக்குப் புழு மரத்தைவிட்டு இறங்கி மண்ணில் புதையும். மறு கோடையில் மண்ணிலிருந்து பூச்சியாகக் கிளம்பும். எல்வுட் மரத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டுவார், லெனோரா சுடுமணலில் புழுவை வறுப்பாள். வீடு வருவதற்குள் பாதி வாளி காலியாகிவிடும். அதெல்லாம் ஒரு காலம்!

லெனோரா போய்ச் சேர்ந்தபின், அவள் தங்கை வின்னியும் படுத்த படுக்கையானாள்.

"அத்தான், அடுத்த புழு வருஷம் வரைக்கும் கிடந்தேன்னா, அக்கா வைக்கிற மாதிரி குழம்பு ஒரு வாய் குடுங்க."

இந்தக் கோடைதான் அது என்று எண்ணி, அவளிடம் சொல்லாமலே எல்வுட் மண்வெட்டியோடு கிளம்பினார். எழுபத்தாறு வயது இடுப்பு கெஞ்சியது. நான்கு மரங்களைச் சுற்றி வெட்டினார். மண்ணில் பழுப்பு நிறப் பூச்சிக்கூடுகள் புரண்டபோதே விளங்கியிருக்க வேண்டும்; மனுஷன் நினைப்பெல்லாம் லெனோராவிடம்.

பத்து நாள் பார்த்தார். பள்ளத்தில் ஒரு புழு இல்லை. பதினோராம் நாள் காலை மரப்பட்டையெங்கும் பூச்சிகள். சாம்பல் சிறகு, அதில் ஒரு கறுப்புப் பொட்டு. விரித்தால் பின்சிறகில் வெளிறிய ரோஜா நிறம், லெனோராவின் பழைய சால்வை நிறம்.

வெறும் வாளியோடு வந்தவரைப் பார்த்து வின்னி சிரித்துவிட்டாள்.

"பூச்சி வருஷத்துல புழுவுக்குப் பள்ளமா? ஊரே சிரிக்கப்போகுது, அத்தான்!"

"அவளோட கடைசியா வெட்டினதுக்கு அப்புறம் இது ரெண்டாவது கோடைதானே?"

"மூணாவது. அக்கா போனதும் வந்த கோடையில நீங்க வாசப்படியே தாண்டலையே."

எல்வுட் விரல் விட்டு எண்ணினார். அந்த வருஷத்தை அவர் வருஷமாகவே எண்ணியிருக்கவில்லை.

"அடுத்த கோடையில இறங்கும்," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"அப்போ உங்க புண்ணியத்துல நான் இன்னும் ஒரு வருஷம் இருந்தாகணும்." வின்னி கை நீட்டினாள். "அந்தக் காலண்டரை எடுத்து இங்க மாட்டுங்க. இனிமே நான் எண்ணுறேன்."