பதினேழு மணிகளுக்கு ஒரு பாட்டு

ஜவுபருக்கு ஒரே நேரத்தில் ஆறு பைத்தியம் என்று மருதமுனையில் சொல்வார்கள். கொழும்பில் இசையமைப்புப் படித்துக்கொண்டிருந்தான், அது ஒன்று. லீவில் வீட்டுக்கு வந்தால் பழுதான ரேடியோக்களைப் பிரித்து மேசை முழுக்கப் பரப்புவான். காலி நகரில் இருக்கும் முகம் தெரியாத ஒருவரோடு போஸ்ட்காட்டில் செஸ் விளையாடுவான். ஓர் ஆட்டம் முடிய எட்டு மாதம் எடுக்கும். கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளுக்குப் பெயர் எழுதி ஒட்டுவான். அந்தச் செஸ்காரருக்காகச் சிங்களத்தில் கடிதம் எழுதவும் பழகினான். போதாததற்கு உம்மாவைக் குசினியிலிருந்து எழுப்பிவிட்டு மீன் ஆணத்துக்கு அன்னாசி போட்டுப் பார்த்தான். அந்த ஆணத்தை வீட்டில் யாரும் இரண்டாம் தரம் கேட்கவில்லை.

1980 ஓகஸ்ட் லீவுக்கு வரும்போது கையில் ஒரு வேலையும் இருந்தது. சொந்த ஊரில் கிடைக்கும் ஒலிகளைக் கொண்டு ஐந்து நிமிட இசை ஒன்றை ஆக்கி, கசெட்டில் பதிந்து கொண்டுபோக வேண்டும். மெட்டு கொழும்பிலேயே எழுதியாயிற்று. அதற்கு எந்த ஒலி, றபான் மேளமா, கடலிரைச்சலா என்று ஒரு கிழமை மண்டையை உடைத்தான். ஒன்றும் பிடிபடவில்லை.

அப்படியிருக்கையில் ஒரு நாள் கல்முனைக்குப் போன இடத்தில் சைக்கிள் டயர் பஞ்சரானது. பூபாலசிங்கத்தின் கடைக்கு உருட்டிக்கொண்டு போனான். பாண்டிருப்புக்காரர், இருபது வருடமாகக் கல்முனையில் சைக்கிள் திருத்துகிறவர். அவர் டயரைக் கழற்ற, மூலையில் கிடந்த தகரப் பெட்டிக்குள் பழைய சைக்கிள் மணிகள் குவிந்திருப்பதை ஜவுபர் கண்டான். ஒன்றை அடித்தான். இன்னொன்றை அடித்தான். பிறகு நிறுத்தவேயில்லை.

“தம்பி, மணி வேணுமெண்டா ஒண்ட எடுத்துப் பூட்டுங்க. இப்பிடி எல்லாத்தையும் அடிச்சா கடைக்கு ஒரு ஆளும் வராது.”

“அண்ணன், இதுல ரெண்டு மணி ஒரே மாதிரிக் கேக்கல்ல. இஞ்ச வந்து கேளுங்களன்.”

பூபாலசிங்கம் ஆயிரம் மணியாவது பூட்டியிருப்பார். ஒன்றையும் இப்படிக் கேட்டதில்லை. கழற்றிய டயரை அப்படியே கீழே போட்டுவிட்டு வந்து அவரும் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தினார். பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு கேட்கும்வரை இரண்டு பேரும் மணிகளைத் தட்டித் தட்டி வரிசையாக அடுக்கினார்கள். சுருதி சேராதவற்றின் விளிம்பை ஜவுபர் அரத்தால் ராவினான். கடைசியில் பதினேழு தேறின.

“கொண்டுபோங்க. முடிஞ்சதும் எனக்கு அந்தப் பாட்டப் போட்டுக் காட்டணும், ஓமா?” என்றார். பஞ்சர் ஒட்டாத சைக்கிளை உருட்டியபடியே ஜவுபர் வீடு திரும்பினான்.

வாசிக்க ஆள் வேண்டுமே. வீட்டுக்குப் பின்னால் அவனுடைய ராத்தா, மூத்த சகோதரி ஸைனம்புவின் தறிக் கொட்டில் இருந்தது. அவளும் அயல்வீட்டுப் பெண்கள் நால்வரும் அங்கே இடுப்பில் உடுக்கும் சாரன் நெய்வார்கள். பலகைக்கு நான்கைந்து மணியாக ஆணியடித்து ஆளுக்கொரு பலகை கொடுத்தான். எல்லாரிலும் மூத்த சல்மா உம்மா மட்டும் கையை நீட்டவில்லை.

“மணியடிக்க நான் என்ன ஐஸ்பழக்காரனா?”

“நீங்க நெய்யுங்க உம்மா. உங்கட தறிச் சத்தந்தான் எனக்குத் தாளம்.”

அதைக் கேட்டு சல்மா உம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

ஆனால் இசைக்குறிப்புத் தாளைக் கொடுத்ததும் பலகைகளைக் கீழே வைத்துவிட்டார்கள். ஸைனம்பு தாளைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தாள்.

“இதென்னடா தம்பி, பேன் சிக்கின சீப்பு மாதிரி இரிக்கி?”

மூன்று நாள் சொல்லிக் கொடுத்தான். ஒருத்திக்கும் ஏறவில்லை. நான்காம் நாள் ஸைனம்பு, சாரன் கரைக்கு டிசைன் போடும் கட்டக் கொப்பியை எடுத்து வந்தாள்.

“ஒரு மணிக்கு ஒரு வரி. ஒரு அடிக்கு ஒரு கட்டம். எங்க அடிக்கணுமோ அங்க கறுப்படிச்சுத் தா. நாங்க நெய்யிற மாதிரிப் பாத்து அடிக்கிறம்.”

ஜவுபர் அன்று சோறு தின்னவும் எழும்பாமல் முழுவதையும் கட்டத்தில் மாற்றினான். மறுநாள் பெண்கள் கொப்பியைப் பார்த்த மாத்திரத்தில் அடித்தார்கள். டிங், டிங்டிங், டிண் என்று மணிகள் ஒன்றின் பின்னால் ஒன்று ஓடின.

மூன்றாம் பகுதியில் மட்டும் ஏதோ இடறியது. கொழும்பிலிருந்தே இடறிக்கொண்டிருந்த இடம் அது. ஏன் என்று அவனுக்கே விளங்கவில்லை. ஸைனம்பு கொப்பியில் விரலை வைத்தாள்.

“இதுல ஒரு கட்டம் கூடப் போச்சு. கரை எப்பிடிப் பொருந்தும்? இத எடு.”

எடுத்தான். மறுபடி அடித்தார்கள். இடறல் இல்லை. ஜவுபர் கொப்பியையும் ராத்தாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

“என்னடா முழிக்கிறாய்?”

“ரெண்டு மாசமா இதத்தான் தேடின நான்.”

பதிவு செய்தவர் மச்சான் முகைதீன்பாவா, ஸைனம்புவின் புருசன். சவூதியிலிருந்து அவர் கொண்டுவந்த கசெட் ரேடியோவின் பொத்தானை வேறு யாரும் தொடக்கூடாது. முதல் தடவை பெண்கள் சிரித்துக் கெடுத்தார்கள். இரண்டாம் தடவை பிரதான வீதியில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது. மூன்றாம் தடவை சல்மா உம்மாவின் தறி தடக், தடக் என்று முன்னே போக, பதினேழு மணிகளும் பிசகாமல் கூடப் போயின. முடிந்ததும் முகைதீன்பாவா பொத்தானை அமத்த மறந்து, “அல்லாவே, நல்லா இரிக்கி!” என்றார். அதுவும் பதிவாகிவிட்டது.

கல்முனைக் கடையில் பூபாலசிங்கம் அதை மூன்று முறை போடச் சொல்லிக் கேட்டார். கொழும்பிலும் ஆசிரியர்கள் இரண்டு முறை கேட்டார்கள். தாளின் தலைப்பில் இரண்டு பெயர்கள் இருப்பதைக் கண்டு, ஸைனம்பு எங்கே படித்தவர் என்று ஒருவர் விசாரித்தார். “தறியில சேர்” என்றான் ஜவுபர். அந்த ஆண்டில் அதுவே முதலாவதாக வந்தது.

மார்கழி லீவுக்கு அவன் வந்தபோது, ஸைனம்பு தறியில் புதுச் சாரன் ஒன்றை ஏற்றியிருந்தாள். கறுப்புக் கரையில் வெள்ளைக் கட்டங்கள். கிட்டப் போய்ப் பார்த்தவன் விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு வாய்க்குள் முணுமுணுத்தான். அது பாட்டின் மூன்றாம் பகுதி.

“நல்ல டிசைன வீணாக்கலாமா?” என்றாள் ஸைனம்பு. “இந்த டிசைன்ல மூணு சாரன் வித்துப் போச்சு. உன்ட சைக்கிள் கடை அண்ணனும் ஒண்டு கேட்டு அனுப்பியிருக்காரு.”