எந்த சாரி?

"சாரிம்மா, ரொம்ப சாரி" என்று தொலைபேசியில் சொல்லிக்கொண்டே மேசையில் சிந்திய டீயைத் துடைப்பார். மரச்சாமான் கடையின் புகார்ப் பிரிவில் என் பக்கத்து நாற்காலி அவருடையது. வாங்கிய மேசை ஆடினாலும், அலமாரிக் கதவு கோணிக்கொண்டாலும், முதல் வசவு அவர் காதில்தான் விழும். நாங்கள் 'சாரி அக்கா' என்று கூப்பிடுவோம். கோபித்துக்கொள்ள மாட்டார்.

அந்த ஒரு சொல்லை வைத்தே பிழைப்பை ஓட்டினார். எதிராளி பேசியது சரியாகக் கேட்காவிட்டால் "சாரி?" என்று நுனியைத் தூக்குவார். மன்னிப்பென்றால் இழுப்பார். முடியாதென்றால் கத்தரித்தாற்போல் சொல்லி நிறுத்துவார். நாற்காலியில் முழங்காலை இடித்துக்கொண்டால் அதற்கும் ஒரு சாரி உண்டு. "காசா பணமா, சொல்லிட்டுப் போவோமே" என்பார்.

ஒரு மதியம் ஒரு பெண் அழைத்தார். எழ முடியாமல் கிடந்த அப்பாவுக்காகக் கேட்டிருந்த கட்டில், அவர் இறந்த மறுநாள்தான் வந்து சேர்ந்திருக்கிறது. அக்கா வழக்கம்போல் "சாரி"யை இழுத்தார். அந்தப் பெண் கத்தவில்லை. ஒலிபெருக்கியில் எனக்கும் கேட்டது.

"எந்த சாரிங்க இது? கட்டில் லேட்டானதுக்கா, எங்கப்பா போனதுக்கா?"

அக்கா அழைப்பு முடிந்ததும் செல்போனில் அகராதியைத் தேடிப் பிடித்துப் படிக்க ஆரம்பித்தார்.

"இங்க பாரு. இங்கிலீஷ்ல 'சோர்'னா புண்ணு, வலி. சாரி அதோட கூடப்பொறந்ததாம். மனசு நொந்து கிடக்கறவங்களைத்தான் முதல்ல அப்படிச் சொல்லியிருக்காங்க. மன்னிப்பு கேக்கறதெல்லாம் பின்னால வந்து ஒட்டிக்கிட்டது."

"அப்போ நமக்கு உடம்பெல்லாம் புண்ணுதான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"எங்கக்கா வீட்டு மாமா போனப்ப லீவு கிடைக்கலன்னு நான் போகலல்ல? லீவு கேக்கவே இல்லடி. அழற வீட்டுல போய் என்ன பேசறதுன்னு பயம். சாரின்னு ஒரு மெசேஜ் தட்டி விட்டேன். அன்னைக்குப் பேச்சை நிறுத்தினவதான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு தன் கூடப்பிறந்தவர் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த மூத்தவர் எங்களை உள்ளே கூப்பிடவில்லை.

"என்ன, சாரி சொல்ல வந்தியா?"

அக்கா தலையை ஆட்டி மறுத்தார்.

"இல்லக்கா. மாமா போனப்ப நான் உன் பக்கத்துல இருந்திருக்கணும். பயந்துக்கிட்டு வரல. அது வலிச்சுக்கிட்டே இருக்கு."

மூத்தவர் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே போனார். ஜன்னலோரம் இருந்த கணவரின் சாய்வு நாற்காலியில் துவைத்த துணிகள் குவிந்திருந்தன. அவற்றை அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு, இருக்கையைக் கையால் தட்டிவிட்டார்.