‘ஆச்சா?’ என்று கேட்ட பிலோமினா சிஸ்டர்

ஞாயிற்றுக்கிழமை காலை மகளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தபோது பஷீர் பாய் போன் செய்தார். “வனஜாம்மா, நம்ம சிஸ்டர் பூட்டாங்க. தூக்கத்துலயே.” பின்னல் கையிலேயே நின்றுவிட்டது. விவேக் நகர் கோயில் மணி, எங்கோ தண்ணீருக்கடியில் அடிப்பதுபோல் கேட்டது.

பிலோமினா சிஸ்டர் இதய வார்டில் நர்ஸாக இருந்தவர். மகள் பிறந்த பிறகுதான் என் இதய வால்வு பழுது என்று தெரிந்தது. செயற்கை வால்வு வைத்தார்கள். அதில் இரத்தம் உறையாமலிருக்க தினமும் இரவு எட்டு மணிக்கு ஒரு மாத்திரை, ஆயுள் முழுக்க. வீடு திரும்பும் நாளில் சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“பாப்பா அழுதா எனக்கு எல்லாமே மறந்துபோகுது சிஸ்டர். இதையும் மறந்துட்டா? அவளுக்கு யாரு இருக்கா?”

“பாப்பாவுக்கு அழுது கூப்பிட வாய் இருக்கு. மாத்திரைக்கு இல்லையே! அதுக்காக நான் கூப்பிடுறேன். நம்பர் குடு.”

அன்றிரவே செய்தி வந்தது. ஆங்கில எழுத்தில் ஒரே சொல், ‘Acha?’ அதாவது, ‘ஆச்சா?’ விழுங்கிவிட்டு ‘ஆச்சு’ என்று அனுப்ப வேண்டும். தாமதித்தால் போன் அடிக்கும். போனின் அந்தச் சிறு பச்சை வெளிச்சம், யாரோ வீட்டுக்குள் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததுபோல் இருக்கும். நடை பழகிய மகள், ‘டிங்’ என்றதும் தம்ளரைத் தூக்கிக்கொண்டு வருவாள்.

என்னைப்போலவே வால்வு வைத்துக்கொண்ட, சிவாஜிநகரில் ஆட்டோ ஓட்டும் பஷீர் பாய்க்கும் அதே செய்தி போனது. பதிலும் ஒழுங்காக வந்தது. ஆனால் அவருடைய இரத்தப் பரிசோதனையில் மருந்து சாப்பிட்ட அடையாளமே இல்லை.

“தினம் ஆச்சுன்னு அனுப்பினீங்களே பாய்!” என்றார் சிஸ்டர்.

“நான் எங்க ஆச்சுன்னேன்? நீங்க ‘அச்சா?’ன்னு கேட்டீங்க. பாவம், தினம் நல்லாருக்கியான்னு விசாரிக்கிறாங்களேன்னு நானும் ‘அச்சா’ன்னு போட்டேன்.”

“அப்ப மாத்திரை?”

“அது ஞாபகம் வந்தா போடுவேன்.”

பரிசோதனை வரிசையில் இருந்த நாங்கள் சிரித்துவிட்டோம். சிஸ்டர் சிரிக்கவில்லை. “அவர் பாஷையில நான் கேட்டிருக்கணும்” என்றார். அன்றுமுதல் பாய்க்கு, மாத்திரையைக் குறிக்கும் உருதுச் சொல்லில், ‘கோலி?’ என்று போனது. எனக்கு மட்டும் பழைய ‘ஆச்சா?’தான்.

“வேலை முடிஞ்சும் எங்களோட அல்லாடுறீங்களே” என்று ஒருமுறை சொன்னேன்.

“உங்க எல்லார் ‘ஆச்சு’வும் வந்தாதான்மா எனக்குத் தூக்கமே வருது.”

ஞாயிறு மாலை அடக்கம். வீடு திரும்பியதும் போனை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். இனி யார் கேட்பார்கள் என்ற பயம், அழுகையைவிடப் பெரிதாக இருந்தது. மகள் தம்ளரோடு வந்து போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஜன்னலுக்கு வெளியே தூறல், தெருவிளக்கைச் சுற்றி மஞ்சள் புகைபோல் இறங்கியது.

எட்டு மணி. ‘டிங்.’

பஷீர் பாய். ‘Acha?’

நலமா என்கிறாரா, மாத்திரை ஆயிற்றா என்கிறாரா? விழுங்கினேன். ‘ஆச்சு. உங்க கோலி?’ என்று அனுப்பினேன். பதில் உடனே வந்தது.

சிஸ்டர், எங்கள் இரண்டு பேருடையதும் வந்துவிட்டது. நீங்கள் தூங்குங்கள்.