தண்ணீர் பவுசர் ஓட்டியவர்

புங்குடுதீவில் எங்கள் ஒழுங்கைக்குத் தண்ணீர் கொண்டுவந்த பவுசரின் சாரதி அவர். நாற்பது வயதிருக்கும், வெயிலில் கறுத்த பெரிய கைகள். அந்தப் பவுசரில் அடிபட்டுத்தான் எங்கள் நாயின் பின்னங்கால் ஒன்றை யாழ்ப்பாணத்தில் வெட்டி எடுக்கவேண்டி வந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு மத்தியானமும் வருவார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, நாயின் வயிற்றுக்குக் கீழே பழைய துவாயொன்றைக் கொடுத்துத் தாங்கியபடி, முற்றம் முழுக்கக் குனிந்தே நடப்பார். கதிரையில் இருங்கள் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை.

ஒருநாள் நாய் அவருடைய கையை நக்கியது.

"கடிச்சிருந்தாலும் பரவாயில்லை, அக்கா. இது வாலாட்டுறதைத்தான் தாங்க ஏலாமக் கிடக்கு," என்றார்.

அடிபட்ட அன்று படலையைச் சாத்த மறந்து நாயை வீதிக்கு ஓடவிட்டவள் நான்தான். அதைச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால், "நீங்கள் கொஞ்சம் மெதுவா ஓட்டியிருக்கலாம்," என்றுதான் வந்தது.

"ஓம், அக்கா," என்று தலையைக் குனிந்துகொண்டார்.

நாய் தானாக நடக்கத் தொடங்கியதும் அவர் வருவது நின்றது. பவுசரை வேறொருவர் கொண்டுவந்தார். விசாரித்தேன்.

"அவர் வேலையை விட்டிட்டார், அக்கா. தன்ரை கையில தனக்கே நம்பிக்கையில்லையாம்."

அவருடைய வீடு நாரந்தனையில் என்றும் சொன்னார். பஸ் ஏறினால் போய்விடலாம். நான் இன்னும் போகவில்லை.