பத்து நிமிட நடையில் நான் மறைத்தது

எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொன்னதும், மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்றிருந்த என் கணவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். அதற்குள் அத்தை எழுந்து நிற்கப் பார்த்தார். வலது கால் துணி போல மடிந்தது. ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டோம்.

அத்தை என் மாமியார். அறுபதைத் தாண்டியவர். காசிமேட்டில் மீன் எடுத்து, தலையில் கூடை வைத்து ராயபுரம் தெருக்களில் விற்றவர். வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்ததால், மூன்று மாதம் இழுவைக் கட்டோடு (காலில் எடை தொங்கவிட்டு எலும்பை நேராக வைக்கும் முறை) கிடந்தார்.

டாக்டர் நாடாவால் இரண்டு தொடைகளையும் அளந்தார். புரதம் (தசையை வளர்க்கும் சத்து) நிறைய வேண்டும் என்றார். தினம் இரண்டு முட்டை, பால், மீன், பருப்பு. அதோடு எடைப் பயிற்சியும் (பாரத்தை எதிர்த்துத் தசையை வேலை வாங்குவது).

"ஒண்ணு இல்லாம இன்னொண்ணு பலிக்காதும்மா. இந்தக் கோடைக்குள்ள நடக்கலேன்னா அப்புறம் படுக்கைதான்."

கணவரின் பழைய காக்கிக் கால்சட்டையில் நான் ஒரு பை தைத்தேன். அதில் கடற்கரை மணலைப் போட்டு அத்தையின் கணுக்காலில் கட்டுவேன். நாற்காலியில் உட்கார்ந்தபடி அவர் காலை நீட்டி மடக்க வேண்டும். வாரம் ஒரு முறை கொஞ்சம் மணல் கூட்டுவோம்.

துறைமுக வேலை முடிந்து வந்ததும், முகம்கூடக் கழுவாமல் கணவர் தரையில் உட்கார்ந்து எண்ணுவார்.

"சீக்கிரம் எண்ணு நைனா, உசுரு போவுது!"

"ஒம்போது... பத்து! நாளைக்குப் பன்னெண்டும்மா."

இரண்டு வயது மகள் ரீட்டா கை தட்டுவாள். பிறகு அவரே முட்டையை உரித்து, மிளகுத்தூள் தூவி அத்தையிடம் நீட்டுவார்.

ரீட்டா ஆயுதம் போட்டு (இடுக்கியால் தலையைப் பிடித்து இழுத்து) எடுக்கப்பட்டவள். ரத்தசோகையால் (உடலில் ரத்தம் குறைவது) இரண்டு மாதம் என்னால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. சின்ன வயசு, தானாகத் தேறிவிடும் என்றார்கள். எத்தனை முறை எழுந்தேன் என்று யாரும் எண்ணவில்லை. மணல் பையைக் கட்டும்போதெல்லாம் அத்தையின் தொடை இறுகி வருவது விரலுக்குத் தெரியும். என் வயிறு எரியும்.

ஒரு மாதம் போனது. தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் வந்தது.

"நாப்பது நாளும் ஒருசந்திதான். ஒரு வேளை சோறு போதும், கவுச்சி வேணாம். எலும்ப சேத்து வெச்ச மாதாவுக்கு இதுகூடச் செய்யாங்காட்டி எப்டிமே?" என்றார் அத்தை. மகன் கெஞ்சியும் கேட்கவில்லை. கோயில் சாமியாரை (பாதிரியாரை) கேட்டு வரும்படி என்னை அனுப்பினார் கணவர்.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை ஜெபம் முடிந்ததும் கேட்டேன். "நோயாளிக்கு ஒருசந்தி கிடையாதும்மா. முட்டை சாப்பிட்டாப் பாவமில்லைன்னு நான் சொன்னதாச் சொல்லு" என்றார் சாமியார்.

கோயிலிலிருந்து வீடு பத்து நிமிட நடை.

"இன்னாமே சொன்னாரு?"

"அவங்கவங்க மனசுப்படி செய்யலாம்னாருத்தே."

அன்று மாலை கணவர் உரித்த முட்டைகளை என்னிடம் தந்தார். "நீயாவது துன்னு." தின்றேன். ருசியாக இருந்தது.

பதினெட்டு நாள் தின்றேன். அது அத்தையின் பக்தி, நான் ஏன் குறுக்கே நிற்க வேண்டும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். காலையில் சொல்லிவிடலாம் என்று தோன்றும். மாலையில் கணவர் எனக்காக முட்டை உரிப்பதைப் பார்த்ததும் நாளைக்கு என்று தள்ளிப்போடுவேன்.

பயிற்சி நிற்கவில்லை. ஆனால் ஏழாவது முறையிலேயே அத்தையின் கால் நடுங்கியது. "கய்த, தூக்குதா பாரு" என்று காலைத் திட்டினார். மூன்றாவது வாரம், யாருக்கும் தெரியாமல் பையிலிருந்து இரண்டு பிடி மணலை எடுத்துவிட்டேன். கணவர் வழக்கம்போல் பன்னிரண்டு வரை எண்ணினார்.

டாக்டரின் நாடாவை ஏமாற்ற முடியவில்லை. தொடை மறுபடி மெலிந்திருந்தது. "இப்படியே போனா எழுந்திருக்கவே மாட்டாங்க" என்றார்.

"அப்போ அவ்ளோதானா டாக்டரு?" என்று கேட்டார் அத்தை. அவர் குரல் அப்படித் தாழ்ந்து நான் கேட்டதில்லை.

கணவர் ரிக்‌ஷா பிடிக்கப் போனார். தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாமியார் சொன்னது, முட்டை, மணல்.

"கெயவி படுத்தே கெடக்கட்டும்னு நெனச்சியா?"

"இல்லத்தே. பொறாமை."

"எம்மேலயா? எதுக்குமே?"

"அவரு எண்றாரே, அதுக்கு."

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "ரெண்டு முட்டையும் நீயே துன்னியா?" என்றார்.

"ஆமாத்தே."

"துன்னும் ஒடம்புல ஒண்ணும் ஒட்டலியேமே." என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு விட்டார். "வூட்டுக்குப் போய் மொதல்ல மணல ரொப்பு."

மகனிடம் அவர் சொல்லவே இல்லை. அது இரக்கமா, என்னைத் தன் பிடியில் வைத்துக்கொள்ளவா என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. மறுநாளிலிருந்து முட்டையைத் தானே உரித்துக்கொண்டார். ஒன்றை என் தட்டில் வைத்துவிட்டு, நான் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

கோடைக்குள் அவர் நடக்கவில்லை. ஜூலையில்தான், கைத்தடியோடு எழுந்தார். அந்தப் பதினெட்டு நாள் இல்லாவிட்டால் தடி இல்லாமல் நடந்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். "இந்த வயசுல ஒரு வாரத்துல போறது திரும்பி வர மாசக்கணக்காகும்மா" என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் ஒரு மூத்த பெண்ணை எழுப்பி நிறுத்த வேண்டிய மருமகள்களுக்காகவே இதை எழுதுகிறேன். சத்தும் வேண்டும், பாரமும் வேண்டும். இரண்டையும் கொடுக்கிற கை உங்களுடையது. அந்தக் கைக்கும் பசி இருந்தால் முன்னாலேயே வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

பதினெட்டு நாள் தின்ற முட்டை என் உடம்பில் ஒன்றுமே செய்யவில்லை. அத்தைக்கு அதனால் ஒரு கோடை போனது.

இப்போது கடைத்தெருவுக்குச் சேர்ந்து போகிறோம். என் கால்கள் என்னை அறியாமல் முந்திவிடும். திரும்பினால், அத்தை என் முகத்தைப் பார்ப்பதில்லை. என் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்; மணல் பை கட்டும்போது என்னிடம் இருந்தது.

"ஓடாதமே" என்பார்.

நின்றுகொள்வேன்.